புளி இல்லாத புளியடி

கல்வேலி ஒழுங்கையில் என்னோடு கூட மண் அளைந்தவர்களே, கண் தெரிகிறவர்கள் இதை வாசியுங்கள். தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் யாராவது வாசித்துக் காட்டட்டும். ஊர்ப் படம் அச்சாகி வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கை அதில் இருக்கிறது, வளவு வளவாக, பெயர் பெயராக. பெரியவளவு வீடும் இருக்கிறது. அது இருக்கிற இடத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதவேண்டியிருக்கிறது. இதைச் சொல்லாமல் போனால் குழிக்குள்ளும் எனக்கு நித்திரை வராது. சிரிப்பு வந்துகொண்டே இருக்கும்.

நாங்கள் நெடுந்தீவிலிருந்து வந்தவர்கள், எங்களுக்குத் தீவு என்றால் அதுதான். அங்கே கிணறுகள் உவராகி, மாடு கண்ணுக்கு முன்னால் சாய்ந்த காலத்தில், வேலணையில் மண்கும்பானுக்கு அப்பால் கரையோரம் கிடந்த அரசாங்கத் தரையில் வந்து இறங்கினோம். அந்தப் பக்கத்து ஆட்கள் பனையோலையாலும், நட்டால் துளிர்க்கிற கிளுவங் கதியாலாலும் வேலி அடைக்கிறவர்கள். எங்களுக்கு வேலி என்றால் கல். எங்கள் ஆம்பிளைகள் வற்றுக்கடலில் இறங்கி, அலவாங்கால் கல் பெயர்த்து, வண்டியில் இழுத்து வந்து, சாந்து கீந்து ஒன்றும் இல்லாமல் அடுக்கினார்கள். பெரிய கல்லின் இடுக்கில் சின்னக் கல்லைச் செருகித் தட்டுகிற சத்தம் இப்போதும் என் காதில் கிடக்கிறது. "கல்லுக்குக் கல்லு பல்லுக் கடிக்கவேணும்" என்பார் என் தகப்பன். நான் அவரை அப்பு என்றுதான் கூப்பிடுவேன். புழு துளைத்த கடற்கல் அது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வந்தால் ஒழுங்கை முழுதும் மெல்ல ஊதும். முதல் மழைக்கு மண் மணக்காது எங்கள் பக்கம், கடல்தான் மணக்கும்.

யார் எங்கே இருப்பது என்று யாரும் சீட்டுக் குலுக்கவில்லை. தீவில் யாருக்குக் கிழக்கே யார் இருந்தார்களோ, இங்கேயும் அப்படியே. ஒழுங்கை அங்கே ஒரு பாறையைச் சுற்றி வளைந்தது. இங்கே பாறை இல்லை, ஆனாலும் அந்த இடம் வந்ததும் வளைந்தது. பெரியப்பாவுக்கும் பக்கத்து வளவு வலைக்காரருக்கும் தீவில் ஓயாத எல்லைச் சண்டை. அப்புவின் தங்கச்சி, என் மாமி, பெரியப்பாவைக் கேட்டாள்:

"அண்ணை, இஞ்சையாவது அந்தாளுக்குத் தள்ளி இருங்கோவன். தரை கிடக்குதுதானே."

"உனக்கென்ன விசரே? அவன் பக்கத்திலை இல்லாட்டி நான் விடிய எழும்பி ஆரைப் பேசிறது?"

கல் அடுக்கிக்கொண்டிருந்த வலைக்காரர் தலையை நிமிர்த்தி, "அதைச் சொல்லு முதலிலை" என்றார். இரண்டு பேரும் ஒத்துப்போனதை நான் கண்டது அந்த ஒருதரம்தான்.

வளவுகளின் பெயர்களும் கூடவே வந்தன. எங்கள் வளவு புளியடி. தீவில் வாசலிலே பெரிய புளி நின்றது, அதனால் அந்தப் பெயர். இங்கே கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு புளி கிடையாது. பெரியப்பாவுடையது மடுக்கரை, மடுவும் இல்லை, கரையும் இல்லை. ஒழுங்கை வளைகிற இடத்தில் சம்மாட்டியார் வளவு. சம்மாட்டியார் குடும்பம் வர மனமில்லாமல் தீவிலேயே நின்றுவிட்டது. அதற்காக அவர்களுடைய இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா? நாலு பக்கமும் கல் அடுக்கி, படலைக்கு வாசலும் விட்டு, "வந்தா இருக்கட்டும்" என்று வெறுமையாக வைத்தார்கள். அவர்கள் வரும்வரைக்கும் எங்கள் மாடு கன்றுகள் அதற்குள் நின்றன. நாங்கள் அதற்குள் சிரட்டையில் சோறு காய்ச்சிச் சம்மாட்டியார் வீட்டுக் கலியாணம் விளையாடினோம். மாப்பிள்ளையாக நின்றவர்களில் இரண்டு பேர் இதை வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பெரியவளவுக்காரரை உங்களுக்கு மறந்திருக்காது. வெள்ளை வேட்டி, எலும்புப் பிடி வைத்த குடை, ஆளுக்கு முன்னால் வந்து சேருகிற ஓடிக்கொலோன் வாசம். நாங்கள் இறங்கிய தரை அரசாங்கத்தின் தரைதான், என்றாலும் அவருடைய மாடுகள் மேய்ந்த தரை. நாங்கள் கல் அடுக்குவதைக் குடையின் கீழ் நின்று பார்த்தார். சிரித்தார். "சிரிக்கிற மனுசன், பயமில்லை" என்றார் அப்பு. "பல்லு இருக்கிறவை சிரிக்கத்தானே செய்வினம்" என்றாள் மாமி.

அந்த வருசச் சோளகத்தில்தான் எல்லாம் நடந்தது. அரசாங்கக் கச்சேரியிலிருந்து நில அளவைக்காரர் வரப்போகிறார், தரையில் குடியிருக்கிறவர்களைப் படத்தில் குறிப்பார், குறித்தவர்களுக்குப் பிறகு குடியிருக்கப் பெமிட் வரும் என்று ஒரு கதை உலவியது. எந்த நாள் என்று எங்களுக்குத் தெரியாது. அதே நாட்களில்தான் தீவில் எங்கள் வேதக்கோயில் பெருநாள். எந்த வருசமும் ஒழுங்கையே எழும்பிப் போகிற பெருநாள். அந்தமுறை கடல் மோசம். பாய்வள்ளத்தில் குஞ்சு குருமான்களோடு போக ஏலாது, விடுவோம் என்று ஆம்பிளைகள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்தார்கள்.

பெரியவளவுக்காரர் எங்கள் படலைக்கு வந்தார். அதற்கு முன்னர் அவர் வந்ததேயில்லை.

"என்ன, பெருநாளுக்குப் போகேல்லையே?"

"கடல் சரியில்லை, ஐயா."

"என்ரை மோட்டர் வள்ளம் சும்மாதானே நிக்குது. எல்லாரும் ஏறிப் போட்டு வாங்கோ. ஒருத்தரையும் விட்டிட்டுப் போகாதையுங்கோ, என்ன? என்ரை பேரிலையும் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடுங்கோ."

அப்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. சைவக்காரர், எங்கள் கோயிலுக்கு மெழுகுதிரி கேட்கிறார்! அந்த மெழுகுதிரியைப் பற்றி அப்பு சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போனீர்கள். புதுச் சட்டையும் பனங்கட்டிப் பொதியுமாக நீங்கள் வள்ளத்தில் ஏறினதை நான் வேலிக்கு மேலால் பார்த்து அழுதேன். எனக்குக் கூகைக்கட்டு. இரண்டு கன்னமும் வீங்கி, மஞ்சள் பூசி, துணியால் தாடையைக் கட்டி வைத்திருந்தார்கள். எனக்குக் காவலாக மாமி நின்றாள்.

அடுத்த நாள் காலமை அளவைக்காரர் வந்தார். மூன்று கால் வைத்த பெட்டி, தரையில் இழுபடுகிற இரும்புச் சங்கிலி, சிவப்புத் துணி கட்டிய கம்பிகள். வெயிலில் அந்தச் சங்கிலி போன சத்தத்தைப் பாம்பு என்று நினைத்து நான் மாமியின் சீலைக்குள் புகுந்தேன். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பெரியவளவுக்காரரும் கூட வந்தார்.

மாமி முகத்தைக் கழுவி, சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். அரசாங்கத்து ஆள் கேட்கிறார், சரியாகப் பதில் சொல்லவேண்டும் என்று அவளுக்கு ஒரே அவதி.

"இந்தக் காணிக்கு என்ன பேர்?"

"புளியடி, ஐயா."

அளவைக்காரர் சுற்றிவரப் பார்த்தார். "புளி எங்கை?"

"தீவிலை நிக்குது."

"அங்கால் காணி?"

"மடுக்கரை."

"மடு?"

"அதுவும் தீவிலைதான், ஐயா. நல்ல பெரிய மடு."

அளவைக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒழுங்கை வளைகிற இடத்துக்கு நடந்தார். சம்மாட்டியார் வளவுக்குள் எட்டிப் பார்த்தார். எங்கள் சிவத்தப் பசு அவரைத் திரும்பிப் பார்த்தது.

"இதிலை ஆர் குடியிருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. ஆனா இது சம்மாட்டியாற்றை வளவு."

"அவர் எங்கை?"

"தீவிலை. வர மனமில்லையாம்."

அளவைக்காரர் சிரித்துவிட்டார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, மனிதர் ஒருவரும் இல்லை, புளியும் மடுவும் கடலுக்கு அந்தப் பக்கம், நிற்பதெல்லாம் மாடு. பெரியவளவுக்காரர் குடையைக் கை மாற்றிக்கொண்டு, "நான் சொன்னனான்தானே, மாட்டுப்பட்டி. மேய்க்கிறவை மழைக்கு ஒதுங்கக் கொட்டில் போட்டிருக்கினம், அவ்வளவுதான்" என்றார்.

"ஐயா, இது மனுசர் இருக்கிற இடம்!" என்று மாமி கத்தினாள். "எல்லாரும் பெருநாளுக்குப் போட்டினம், நாளையிண்டைக்கு வந்திடுவினம்!"

பெரியவளவுக்காரர் அவளைப் பார்க்கவில்லை. அளவைக்காரரிடம்தான் சொன்னார்: "இதுக்கு மூளை கொஞ்சம் தட்டிப்போச்சு. பாவம்."

படத்தில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் ஒரே சொல் விழுந்தது. மாட்டுப்பட்டி.

நீங்கள் மெழுகு மணக்க, வெயிலில் கறுத்து, சிரித்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள். மாமி கரையிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அப்பு நம்பவில்லை.

"அந்த மனுசன் அப்பிடிச் செய்யுமே? வள்ளம் தந்த மனுசன். நீதான் புளி தீவிலை நிக்குது எண்டு விசர்க்கதை கதைச்சிருக்கிறாய்."

"பின்னை எங்கை நிக்குது?" என்றாள் மாமி.

பெரியப்பா ஒரே பேச்சோடு முடித்தார்: "கடதாசியிலை என்ன கிடந்தா என்ன? நாங்கள் கல்லிலை கிடக்கிறம்." வலைக்காரர்கூட அதற்குத் தலையாட்டினார். பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று நாங்களும் விளையாடப் போய்விட்டோம். கடதாசிக்குக் கல்லைத் தூக்கி எறிகிற பலம் இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கச்சேரிக்கு ஒரு நடை நடந்து பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாரி தொடங்க முன்னர் தரை பெரியவளவுக்காரருக்கு மேய்ச்சலுக்கென்று எழுதியாகிவிட்டது. அவருடைய ஆட்கள் வந்து கூரைக் கிடுகுகளைப் பிரித்தார்கள். படத்தில் வீடு இல்லை, ஆகவே வீடு இல்லை. உங்களில் சிலர் வன்னிக்குப் போனீர்கள், சிலர் மன்னார்க் கரைக்கு, சிலர் வந்த வழியே தீவுக்கு. பானையை ஏற்றினீர்கள், கோழிக் கூட்டை ஏற்றினீர்கள். வேலியை ஏற்ற முடியவில்லை. வலைக்காரர் கடைசியாகப் புறப்பட்டபோது பெரியப்பா வளவுப் பக்கம் திரும்பி நின்று நன்றாக ஒரு பேச்சுப் பேசினார். அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. பெரியப்பா முதல் நாளே போய்விட்டார்.

எங்களை மட்டும் பெரியவளவுக்காரர் விட்டுவைத்தார். பட்டி பார்க்க ஆள் வேண்டுமாம். எங்கள் வளவில், எங்கள் வீட்டில், நாங்கள் அவருடைய காவல்காரராக இருந்தோம். அவருடைய வாசல்படியில் அப்பு கைகட்டி நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்கும் அப்பு நன்றி சொன்னார். மாமி சொல்லவில்லை. சாகும்வரை அவள் பெரியவளவுப் பக்கம் முகம் வைத்துப் படுத்ததில்லை; பாய் எந்தப் பக்கம் போட்டாலும் முதுகுதான்.

பிறகு வந்தது உங்களுக்குத் தெரியும். யுத்தத்தில் ஊர் முழுக்க ஓடியது, நாங்களும் ஓடினோம். நான் பிள்ளைகளைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்து புளியடியில் ஒரு கொட்டில் போட்டேன். இப்போது தரைக்கு யாரும் சண்டை பிடிப்பதில்லை. தரை கிடக்கிறது, ஆள் இல்லை. ஊர்க்காரரின் ஓலை வேலிகள் உக்கிப்போயின, கதியால்கள் காடாகிவிட்டன. யார் வீடு எங்கே நின்றது என்று சொல்ல ஓர் அடையாளம் இல்லை. பெரியவளவு வீட்டின் கதவு, ஓடு, கல் எல்லாம் யார் யாரோ பிடுங்கிப் போய்விட்டார்கள். கல்வேலிகள் மட்டும் நிற்கின்றன. உவர்க் காற்றுக்கு இன்னும் ஊதுகின்றன.

போன வருசம் பெரியவளவுக்காரரின் மகன் கனடாவிலிருந்து வந்தார். அங்கே எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு மண்டபம் கட்டியிருக்கிறார்களாம். அதன் சுவருக்கு ஊர்ப் படம் ஒன்று, வீடு வீடாக. அவர்தான் முன்னின்று செய்கிறார். பால்குடி மறந்த கையோடு கொழும்புக்குப் போன பிள்ளை, ஊர் ஒன்றும் தெரியாது.

"அக்கா, நீங்கள்தான் மிச்சம்" என்றார். "நீங்கள் சொன்னாத்தான் ஊர் இருக்கும்."

ட்ரோன் விட்டு மேலே இருந்து எடுத்த படத்தைக் கைபேசியில் காட்டினார். பச்சைக் காட்டுக்குள் எங்கள் ஒழுங்கை மட்டும் வெள்ளையாக, தின்று வைத்த மீன் முள்ளுப்போலத் தெரிந்தது. அந்த வளைவும் தெரிந்தது. பிறகு தாளில் கீறின படத்தை விரித்தார். மீன்முள் கிடக்கவேண்டிய இடத்தில் ஒரு மாடு நின்றது. கண்ணிமை எல்லாம் வைத்து, வாய் சிரித்தபடி.

"ஆர் தம்பி இந்த மாடு?"

"கீறின பிள்ளை வடிவுக்குப் போட்டது, அக்கா. பழைய அளவைப் படத்திலை பட்டி எண்டுதானே கிடக்கு."

"முதலிலை இந்த மாட்டை அவிட்டு விடும். பிறகு மற்ற வீடுகளைப் பாப்பம்."

சிரித்தார். ஆனால் நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் பேனையை எடுத்தார். நல்ல பிள்ளைதான், பொய் சொல்லக்கூடாது. காலமையில் வந்து, கல் கல்லாக நடந்து, நான் சொல்லச் சொல்ல எழுதினார். புளியடி. மடுக்கரை. வலைக்காரர் வளவு. சம்மாட்டியார் வளவில் வந்து நின்று, "ஆள் இல்லாத வளவை ஏன் போடுவான்?" என்றார்.

"வந்தா எங்கை இருக்கிறது?" என்றேன். எழுதினார். உங்கள் ஒவ்வொருவருடைய பெயரும் அவருடைய கையெழுத்தில் விழுந்தது. அன்றே கைபேசியால் கனடாவுக்கு அனுப்பி, மாட்டை எடுத்துவிட்டு ஒழுங்கையைக் கீறுவித்து, எனக்குக் காட்டியும் விட்டார். அதற்குப் பிறகு நான் ஊரைக் காட்டினேன். எங்கள் வேலியை அடையாளமாகப் பிடித்தால் எல்லா வீட்டையும் பிடிக்கலாம். உபதேசியார் வீடு, பள்ளிக்கூடத்து வாத்தியார் வீடு, பரியாரியார் வீடு, ஒன்றையும் நான் பிசகாகச் சொல்லவில்லை.

மிச்சம் அவருடைய வீடு ஒன்றுதான். அதையும் காட்டத்தான் இருந்தேன், சத்தியமாக. தகப்பன் செய்ததற்கு மகன் என்ன செய்வான் என்று ஒரு நினைப்பு எனக்குள் வந்துவிட்டது. பிட்டும் சூடைமீன் குழம்பும் வைத்துக் கொடுத்தேன். உறைப்புக்கு மூக்கால் வடிய வடியச் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, சந்தோசத்தில் வாய் விட்டார்.

"அப்பா இந்த இடத்தைப் பற்றி ஒரு பகிடி சொல்லுவார், அக்கா. அளவைக்காரருக்கு நாள் குறிச்சுக் குடுத்ததே தானாம். உங்கட ஆக்கள் போகமாட்டம் எண்டு நிண்டவையாம். பிறகு தன்ரை வள்ளத்தைக் குடுத்து, எண்ணெயும் ஊத்தி, எல்லாரையும் ஏத்தி அனுப்பிப்போட்டுத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவராம். மெழுகுதிரியும் கொளுத்தச் சொன்னவராம்! சரியான ஆள், என்ன?"

எனக்கும் சிரிப்புக் காட்டவேண்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சிரித்தேன். பல்லு எனக்கும் இருக்கிறதே. "சரியான ஆள்தான், தம்பி" என்றேன். உள்ளே அப்பு கண் கலங்கி நின்றார், வள்ளம் தந்த மனுசன், வள்ளம் தந்த மனுசன் என்று. அந்த மெழுகுதிரியைத் தன் கையால் கொளுத்தினவர் அவர். வள்ளம் எதற்கு வந்தது என்று தெரியாமலே செத்துப்போனார்.

"வாரும், உம்மடை வீட்டைக் காட்டிறன்" என்றேன்.

அவர்களுடைய காணி கண்ணெட்டும் மட்டும் கிடக்கிறது. அவ்வளவு பெரிய காணியில் வீடு எந்த மூலையில் நின்றது என்று எந்தப் பழைய படத்திலும் இல்லை. காணியின் எல்லைதான் இருக்கிறது. வீட்டு வாசல்படி இன்னும் இருக்கிறது, கொடி மூடிக் கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் போனோம். கால் வலிக்கிறது என்று சொல்லி நான் அந்தப் படியிலே கொஞ்சம் குந்தினேன். அப்பு கைகட்டி நின்ற படி. அவர் எனக்குப் போத்தல் தண்ணீர் தந்து, "இன்னும் தூரமே, அக்கா?" என்று கேட்டார்.

"கொஞ்சத் தூரம்" என்றேன்.

நானும் அவரும் காணியின் மறுகோடிக்குப் போனோம். அங்கே உவர்த் தரை. மாரிக்குத் தண்ணீர் நிற்கும், கோடைக்கு உப்புப் பூக்கும். மனிதர் ஒருவர் அந்த இடத்தில் ஒருநாளும் அடுப்பு மூட்டினதில்லை. நடுவில் நின்று தடியால் ஊன்றிக் காட்டினேன். "இதுதான் விறாந்தை. அங்காலை குசினி. அப்பா கதிரை போட்டு இருக்கிறது இதிலைதான்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த உப்பு மண்ணை அள்ளி நெற்றியில் பூசினார். அழுதார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

இப்போது படத்தில் அந்த வீடு அங்கேதான் நிற்கிறது, ஓடு போட்டு, முகப்பு வைத்து, மற்ற எல்லா வீட்டையும் விடப் பெரிதாக. தரையில் அந்த இடத்தில் கறுப்புக் கல்லில் தகப்பனின் முகம் செதுக்கி நட்டிருக்கிறார். கனடாவிலிருந்து வருகிறவர்கள் காரில் போய் மாலை போட்டுப் படம் எடுக்கிறார்கள். மாரிக்கு அந்தக் கல் முழங்கால் தண்ணீரில் நின்றது. கொக்கு ஒன்று அதன் உச்சியில் இருந்து மீன் பார்த்து, அவருடைய முகத்தில் வெள்ளையாக வழியவிட்டிருந்தது. நான் அந்த வழியால் சந்தைக்குப் போவதில்லை, அது சுற்று வழி. இருந்தாலும் போனேன்.

போன கிழமை மகன் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, அப்பா கனவிலை வந்தவர். சரியான இடத்திலை கல்லு வைச்சிருக்கிறாய் எண்டு சந்தோசப்பட்டவர். உங்களுக்குத்தான் அந்தப் புண்ணியம்."

"இருக்கும், தம்பி" என்றேன்.

பாஸ்காத் திருநாளுக்கு முன்னர், செய்த பாவங்களைக் கோயில் சுவாமியிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், பொறாமை, பக்கத்து வீட்டுக்காரியைப் பேசினது, பூசைக்குப் பிந்திப் போனது, எல்லாம் வரிசையாகச் சொன்னேன். சுவாமி இளம் ஆள், பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேறை ஏதும் இருக்கோ, அம்மா?"

முழங்கால் நோகத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் யோசித்துத்தான் பார்த்தேன்.

"வேறை ஒண்டுமில்லை, சுவாமி" என்றேன்.